ஜோஸ்லின் ஆலோவின் 122 ஹோம் ரன்கள்: கல்லூரி சாஃப்ட்பால் சாதனையைப் புரிந்துகொள்வது எப்படி?

2022 பிப்ரவரி 20. ஒக்லஹோமா பல்கலைக்கழக சாஃப்ட்பால் அணியின் ஜோஸ்லின் ஆலோ தன் கல்லூரி வாழ்க்கையின் 95ஆவது ஹோம் ரனை அடித்தார். அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பாலின் சாதனை எண் அதுதான். அதே ஒக்லஹோமாவில் முன்பு ஆடிய லாரன் சேம்பர்லின் 2015இல் அந்த எண்ணை வைத்துவிட்டுப் போயிருந்தார். சீசன் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருக்கும். அதற்குள் ஆலோ ஏழு ஹோம் ரன் அடித்துச் சாதனையைச் சமன் செய்துவிட்டார். இன்னும் ஒன்றே ஒன்று அடித்தால் போதும்.

அந்த ஒன்றுக்கு மார்ச் 11 வரை ஆனது.

ஃபார்ம் போய்விட்டதா என்றால், இல்லை. எதிரணிப் பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், அவருக்கு அடிக்கிற மாதிரி பந்தே போடவில்லை. வேண்டுமென்றே வெளியே வீசி, "போம்மா, சும்மாவே முதல் பேஸுக்குப் போ" என்று அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். சாதனைப் பட்டியலில் தன் பெயர் தோல்வியடைந்த பக்கத்தில் வருவதை யாரும் விரும்ப மாட்டார்கள்தானே. அதைவிட, ஆலோவுக்கு நேராகப் பந்து போடுவது ஆட்டக் கணக்கிலேயே நஷ்டம். ஆலோ எப்படிப்பட்ட பேட்டர் என்று தெரிந்துகொள்ள, அடித்த 122ஐப் பார்ப்பதைவிட இந்த மூன்று வாரத்தைப் பார்ப்பது நல்ல வழி என்பது என் எண்ணம். ஆனால் அதற்கு முதலில் ஆட்டம் கொஞ்சம் புரிய வேண்டும். சாஃப்ட்பால் பார்த்தே இராதவர்களுக்காக அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கிரிக்கெட் கண்ணோடு பார்த்தால்

சாஃப்ட்பால் பேஸ்பாலின் தங்கை. 1887இல் சிகாகோவில் ஒரு கிளப் கட்டடத்துக்குள், சுருட்டிக் கட்டிய குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாக வைத்துக்கொண்டு விளையாட்டாகத் தொடங்கியது. இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண்கள் பேஸ்பால் ஆடுகிறார்கள், பெண்கள் சாஃப்ட்பால் ஆடுகிறார்கள். பெயரில்தான் சாஃப்ட். பந்து கையில் பட்டால் வீங்கிவிடும்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு மூன்று வித்தியாசங்கள் போதும். முதலாவது, பேட்டர் எல்லாப் பக்கமும் அடிக்க முடியாது. ஹோம் பிளேட் எனப்படும், பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து விரியும் 90 டிகிரிக்குள் பந்து விழ வேண்டும். பின்னாலோ பக்கவாட்டிலோ போனால் அது ஃபவுல். லெக் கிளான்ஸ், லேட் கட்டுக்கெல்லாம் இங்கே வேலை இல்லை. இரண்டாவது, மட்டை உருளை. தட்டையான முகம் கிடையாது. உருண்டைப் பந்தை உருளைக் கம்பால் நடுவில் பிடித்தால்தான் தூரம் போகும்; ஒரு விரல்கடை தவறினால் மேலே எழும்பி கேட்ச், அல்லது தரையில் உருண்டு அவுட்.

மூன்றாவதுதான் முக்கியம்: வாய்ப்பு மிகக் குறைவு. கிரிக்கெட்டில் நிலைத்துவிட்டால் நூறு பந்து ஆடலாம். இங்கே ஒரு ஆட்டம் ஏழு இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் ஒரு அணிக்கு மூன்று அவுட். ஒன்பது பேர் வரிசையாகச் சுற்றி வருவார்கள். ஆக ஒரு பேட்டருக்கு ஒரு நாளில் மூன்று அல்லது நான்கு தடவைதான் முறை வரும். அடித்தவர் முதல், இரண்டாவது, மூன்றாவது பேஸ் என்ற மூன்று நிலைகளைச் சுற்றி ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ஓட்டம். ஒவ்வொரு முறையிலும் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால், அதாவது சரியான எல்லைக்குள் வந்த பந்தை விட்டாலோ சுழற்றித் தவறவிட்டாலோ மூன்று முறை ஆனால், அவுட். பிட்சர் எல்லைக்கு வெளியே நான்கு முறை வீசினால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போகலாம். அதற்கு வாக் என்று பெயர். வேலியைத் தாண்டி அடித்தால் ஹோம் ரன். நம் சிக்ஸர் மாதிரிதான், ஆனால் ஆறு ஓட்டம் தானாக வராது. அடித்தவருக்கு ஒன்று, பேஸ்களில் ஏற்கனவே நிற்பவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. அதிகபட்சம் நான்கு.

வேலி ஹோம் பிளேட்டிலிருந்து சுமார் 200 முதல் 220 அடி. மகளிர் கிரிக்கெட் பவுண்டரி தூரத்தை ஒத்ததுதான், இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பிட்சர் நிற்கும் இடத்தைப் பாருங்கள். ஹோம் பிளேட்டிலிருந்து வெறும் 43 அடி. கிரிக்கெட் பிட்சில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அதிலும் பிட்சர் முன்னால் பாய்ந்து வந்துதான் பந்தை விடுகிறார். கையைக் காற்றாலை மாதிரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்புக்குப் பக்கத்திலிருந்து அண்டர்ஆர்மாக வீசுவார். நல்ல கல்லூரிப் பிட்சர்கள் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவார்கள். கணக்குப் போட்டால் பந்து கையை விட்டுப் பேட்டரை அடைய மூன்றில் ஒரு வினாடியைவிடச் சற்றே அதிகம். அதற்குள் பார்த்து, முடிவெடுத்து, சுழற்ற வேண்டும். போதாக்குறைக்கு ரைஸ் பால் என்று ஒன்று இருக்கிறது. கீழிருந்து கிளம்பும் பந்து பின்சுழலால் எதிர்பார்த்த அளவு இறங்காது. பேட்டர் கண்ணுக்கு அது மேலேறுவது போலவே தெரியும். மட்டை கீழே போகும், பந்து மேலே போய்விடும்.

நான்கு ஆண்டு என்கிற கூண்டு

ஒரு கல்லூரி வீராங்கனையின் சாதனையை ஒரு தொழில்முறை வீரரின் சாதனையோடு ஒப்பிட முடியாது. காரணம் காலக்கெடு. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. விதிப்படி ஒருவர் நான்கு சீசன்தான் ஆடலாம். சீசன் பிப்ரவரியில் தொடங்கி ஜூன் தொடக்கத்தில் முடிந்துவிடும். ஆண்டுக்கு ஐம்பது, அறுபது ஆட்டங்கள். பதினெட்டு வயதில் வருகிறார்கள், இருபத்திரண்டில் வெளியே போய்விடுகிறார்கள். கற்றுக்கொண்டு முடிப்பதற்குள் கதவு சாத்தப்பட்டுவிடும். அதனால்தான் கல்லூரிச் சாதனைப் பட்டியல்களில் முதலாம் ஆண்டே வெடித்துக் கிளம்பியவர்களின் பெயர்களே அதிகம். மெதுவாக மலர்பவர்களுக்கு அங்கே இடம் கிடைப்பது கஷ்டம்.

இறுதிக்கட்டப் போட்டியின் அமைப்பும் தெரிந்திருப்பது நல்லது. முதல் பிரிவு அணிகளில் 64 அணிகள் தேர்வாகும். நான்கு நான்காகப் பிரிந்து ஆடி 16 ஆகும். அப்புறம் இரண்டிரண்டாக மோதி 8 ஆகும். அந்த எட்டு அணிகளும் ஒக்லஹோமா சிட்டிக்கு வரும். அந்த வாரத்துக்குத்தான் மகளிர் கல்லூரி உலகத் தொடர் என்று பெயர். உலகத்தோடு அதற்குச் சம்பந்தம் எதுவும் இல்லை, அமெரிக்கர்களின் பழக்கம் அது. ஒரு தோல்விக்கு மன்னிப்பு உண்டு, இரண்டாவது தோற்றால் வீட்டுக்கு. கடைசி இரண்டு அணிகள் மூன்று ஆட்டத் தொடரில் மோதும்.

ஹவாயிலிருந்து ஒக்லஹோமாவுக்கு

ஆலோ 1998இல் பிறந்தவர். ஹவாயின் ஓவாஹு தீவில், ஹொனலூலுவின் பரபரப்பிலிருந்து தள்ளி, வடகிழக்குக் கரையோரம் இருக்கும் ஹௌஉலா என்ற சிற்றூர்க்காரர். பள்ளியில் சாஃப்ட்பாலோடு மல்யுத்தமும் செய்தார்; மாநில அளவில் பட்டம் வென்றவர். அவர் மட்டை சுழற்றுவதைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வரும். கைகளால் அடிப்பதில்லை, கால் ஊன்றி, இடுப்பைத் திருப்பி, உடம்பு முழுவதையும் பந்துக்குள் இறக்குகிறார்.

2017 இலையுதிர் காலத்தில் ஒக்லஹோமா பல்கலைக்கழகம் இருக்கும் நார்மன் நகரத்துக்கு வந்தார். கடலே இல்லாத சமவெளி. அங்கே பயிற்சியாளர் பேட்டி காஸோ. 1995 முதல் அந்த அணியை நடத்தி வருபவர், 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டங்களை அப்போதுதான் வென்று வைத்திருந்தார். அந்த ஹோம் ரன் சாதனைக்காரர் சேம்பர்லினும் அவர் மாணவிதான்.

முதல் சீசனிலேயே, 2018இல், ஆலோ 30 ஹோம் ரன் அடித்தார். முதலாம் ஆண்டு மாணவிகளுக்கான தேசியச் சாதனையின் சமன் அது. 2012இல் சேம்பர்லின் தன் முதல் சீசனில் அடித்ததும் 30தான். அந்த ஆண்டின் சிறந்த புதுமுக விருதும் வந்தது. இதே வேகத்தில் போனால் நான்கு ஆண்டில் 120 என்று எல்லோரும் மனக்கணக்குப் போட்டார்கள்.

2019இல் அடித்தது 16.

பாதியாகிவிட்டது. இதை ஆலோவைப் பற்றிய பாராட்டுரைகள் வேகமாகத் தாண்டிப் போய்விடும். எனக்கு இந்த ஆண்டுதான் சுவாரஸ்யமானது. முதல் ஆண்டில் உங்களை யாருக்கும் தெரியாது. இரண்டாம் ஆண்டில் ஒவ்வொரு எதிரணியும் உங்கள் வீடியோவை அலசிப் பார்த்துவிட்டு வருகிறது. எந்த இடத்தில் வீசினால் தவிக்கிறார், எந்தப் பந்துக்குப் பொறுமை இழக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். நிறையப் பேர் அதோடு முடிந்துவிடுகிறார்கள். அணியும் அந்த ஆண்டு இறுதித் தொடரில் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக அணியான யு.சி.எல்.ஏ.விடம் இரண்டு ஆட்டமும் தோற்றது. ஆலோ வந்து இரண்டு ஆண்டாகியும் பட்டம் இல்லை.

பாதியில் நின்ற சீசன்

2020இல் எட்டு ஹோம் ரன் அடித்திருந்தார். மார்ச் 12 அன்று கொரோனாவால் என்.சி.ஏ.ஏ. எல்லாப் போட்டிகளையும் ரத்து செய்தது. சீசனில் பாதிகூட முடியவில்லை. பாதிக்கப்பட்ட மாணவர்களுக்கு ஈடாக ஓர் ஆண்டு கூடுதலாக ஆட அனுமதி தந்தார்கள். ஆலோ ஐந்து சீசன் ஆடியது இப்படித்தான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். சேம்பர்லின் 2012 முதல் 2015 வரை நான்கே ஆண்டில் 95 அடித்தார். ஆலோவுக்கு ஐந்து கிடைத்தது. இது சமமான போட்டியா?

கணக்கைப் பிரித்துப் பார்க்கலாம். 2018இல் 30, 2019இல் 16, 2020இல் 8, 2021இல் 34. நான்கு சீசன் முடிவில் 88. அந்த நான்கில் ஒன்று பாதியில் நின்றது. அந்த ஆண்டு முழுதாக நடந்திருந்தால் இன்னும் ஏழெட்டு வந்திருக்குமா? அவர் போன வேகத்தைப் பார்த்தால் வந்திருக்கும், ஆனால் இது ஊகம்தான். ஐந்தாம் ஆண்டில் இன்னொரு 34. மொத்தம் 122. சாதனைக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம்: 95ஐத் தாண்டியதில் கூடுதல் ஆண்டின் உதவி உண்டு, ஆனால் 27 ஹோம் ரன் வித்தியாசத்தில் தாண்டியதைக் கூடுதல் ஆண்டு மட்டும் விளக்காது. சேம்பர்லினுக்கு முன்னால் சாதனை யு.சி.எல்.ஏ.வின் ஸ்டேசி நூவ்மேனிடம் இருந்தது, 90. நூவ்மேனிடமிருந்து சேம்பர்லின் முன்னேறியது ஐந்து. ஆலோ முன்னேறியது இருபத்தேழு.

ஒரே சீசனில் அதிகம் அடித்த சாதனை ஆலோவுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரிசோனாவின் லாரா எஸ்பினோஸா 1995இலேயே ஒரு சீசனில் 37 அடித்தார். ஆலோ இரண்டு முறை 34 வரை வந்து நின்றார்.

இரண்டு எண்கள், ஒரு இலவச நடை

இப்போது புள்ளிவிவரம். பயப்பட வேண்டாம், இரண்டு எண் போதும்.

ஒன்று, பேட்டிங் சராசரி. கிரிக்கெட் சராசரியை மறந்துவிடுங்கள். இங்கே சராசரி என்றால் எத்தனை முறை ஆடியதில் எத்தனை முறை அடித்து பேஸுக்குப் போனார் என்ற விகிதம். பத்துக்கு மூன்று என்றால் 0.300, அது நல்ல பேட்டர். பத்துக்கு நான்கு என்றால் நட்சத்திரம். ஆலோவின் ஐந்தாண்டுச் சராசரி 0.445. கடைசி ஆண்டில் அது 0.500ஐத் தாண்டியது, அதாவது அவுட் ஆனதைவிட அடித்தது அதிகம்.

இரண்டு, ஸ்லக்கிங் விகிதம். சராசரியில் ஒரு பேஸ் அடியும் ஹோம் ரனும் ஒன்றேதான். ஸ்லக்கிங் அந்தக் குறையைச் சரிசெய்கிறது. முதல் பேஸுக்குப் போனால் 1, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 3, ஹோம் ரனுக்கு 4 என்று கூட்டி, ஆடிய முறைகளால் வகுப்பார்கள். 0.500 இருந்தாலே அணியில் மதிப்பு. சேம்பர்லின் 0.960 வைத்திருந்தார், அது சாதனை. ஆலோ 0.987இல் முடித்தார். மட்டையோடு வந்து ஆடிய ஒவ்வொரு முறைக்கும் சராசரியாக ஒரு பேஸ் என்று வைத்துக்கொள்ளலாம், அவுட் ஆனவற்றையும் சேர்த்து. ஹோம் ரனை மட்டும் எடுத்தால், ஏறக்குறைய ஆறு முறை ஆடினால் ஒன்று. ஓர் ஆட்டத்துக்கு மூன்று முறை என்று பார்த்தால், இரண்டு ஆட்டத்துக்கு ஒரு ஹோம் ரன்.

இந்த இரண்டு எண்ணுக்கும் பொதுவான ஒரு விதி இருக்கிறது. வாக் கிடைத்த முறைகள் கணக்கில் வராது. பேட்டருக்கு நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. அந்த முறையே நடக்காதது போல விட்டுவிடுவார்கள். ஆனால் ஹோம் ரன் மொத்தக் கணக்கில் அது பெரிய நஷ்டம், ஒரு வாய்ப்பு அப்படியே போய்விடுகிறது. ஆலோவுக்குப் போன இப்படிப்பட்ட வாய்ப்புகள் எக்கச்சக்கம். முதல் பேஸ் காலியாக இருந்தால் பயிற்சியாளர்கள் யோசிக்கவே மாட்டார்கள். ஒருவரை பேஸில் நிறுத்துவது ஒரு ஓட்டம் போகலாம் என்ற அபாயம். ஆலோவுக்கு நடுவில் பந்து போடுவது இரண்டு மூன்று ஓட்டம் போகலாம் என்ற அபாயம்.

அப்படியானால் எல்லா முறையும் வாக் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். கொடுக்க முடியாததற்குக் காரணம் அவருடைய சக வீராங்கனைகள். 2021இல் முதலாம் ஆண்டு மாணவியாக வந்த டியாரே ஜென்னிங்ஸ் தன் பங்குக்கு 27 ஹோம் ரன் அடித்தார். ஆலோவை நடக்க விட்டால் அடுத்து வருகிறவரும் அதே மாதிரி. அந்த ஆண்டு அணி மொத்தமாக 161 ஹோம் ரன் அடித்து, 2010இல் ஹவாய் அணி வைத்திருந்த 158 என்ற சாதனையை உடைத்தது. ஆலோவின் எண்களைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் இதைத்தான் சொல்வார்கள்: பலமான அணியில் இருந்ததால் அடிக்கக்கூடிய பந்துகள் அவருக்கு வந்தன. பாதி உண்மை. மறுபாதி என்னவென்றால், கல்லூரி சாஃப்ட்பாலில் ஐந்து இன்னிங்ஸ் முடிவில் எட்டு ஓட்டம் முன்னிலை இருந்தால் ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடுவார்கள். ஒக்லஹோமா அடிக்கடி இப்படிச் சீக்கிரம் ஜெயித்ததால், ஆலோவுக்கு வர வேண்டிய கடைசி முறை பல ஆட்டங்களில் வரவே இல்லை.

முதல் பட்டம்

2021இல் ஒக்லஹோமா ஆண்டு முழுவதும் நான்கே ஆட்டங்கள்தான் தோற்றது. ஆனால் அதில் இரண்டு, தோற்கக் கூடாத இடத்தில் வந்தது. உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம் அவர்களை 4–3 என்று வீழ்த்தியது. பெரிய பெயர் இல்லாத அணி, அரங்கமே அதிர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு தோல்விகூடக் கூடாது என்ற கயிற்றில் நடந்து இறுதித் தொடருக்கு வந்தார்கள். அங்கேயும் புளோரிடா ஸ்டேட் முதல் ஆட்டத்தை 8–4 என்று எடுத்துக்கொண்டது.

இரண்டாவது ஆட்டத்தின் ஆறாவது இன்னிங்ஸில் ஆலோ அடித்த இரண்டு ஓட்ட ஹோம் ரன் அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தது. 6–2. மறுநாள் 5–1. ஆலோவுக்கு முதல் தேசியப் பட்டம், நான்காவது சீசனில். அமெரிக்க சாஃப்ட்பால் அமைப்பின் ஆண்டின் சிறந்த கல்லூரி வீராங்கனை விருதும் அந்த ஆண்டு அவருக்கே. அதோடு கிளம்பிப் போயிருக்கலாம். கூடுதல் ஆண்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

96

சரி, அந்த மூன்று வாரத்துக்கு வருவோம். 95இல் நின்றபிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் கேமராக்கள் தயார், ரசிகர்கள் கையில் பதாகைகள். ஆலோ வருவார், பந்து வெளியே போகும், அவர் மட்டையை வைத்துவிட்டு முதல் பேஸுக்கு நடப்பார். சில நேரம் கூட்டம் கூச்சலிட்டுப் பிட்சரைத் திட்டும். இப்படிப்பட்ட நேரத்தில் பேட்டர்கள் செய்யும் தவறு ஒன்றே: பொறுமை இழந்து, எட்டாத பந்தை எட்டிப் பிடித்து அடிக்கப் பார்ப்பது. அது நடந்தால் எதிரணிக்கு இரட்டை லாபம். வாக்கும் கொடுக்க வேண்டாம், அவுட்டும் கிடைக்கும். 2019இல் தடுமாறிய ஆலோவையும் 2022இன் ஆலோவையும் பிரிப்பது பலம் அல்ல. எதை அடிக்காமல் விடுவது என்று தெரிந்துகொண்டதுதான்.

இந்த இழுபறியில் நாள்கள் ஓட, அணியின் அட்டவணையில் ஹவாய்ப் பயணம் வந்துவிட்டது. மார்ச் 11 அன்று ஹொனலூலுவில், ஹவாய் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில், ஆறாவது இன்னிங்ஸில் 96ஆவது ஹோம் ரன் வேலியைத் தாண்டியது. எதிரணி மைதானம்தான், ஆனால் அவர் வளர்ந்த தீவு. சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். மற்ற பிட்சர்கள் மூன்று வாரம் தவிர்த்துக்கொண்டே இருந்திருக்காவிட்டால் அந்த அடி எங்கோ ஒரு ஊரில் நடந்து முடிந்திருக்கும். தடுத்தவர்களே அவருக்கு அதை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்த சீசனின் முடிவும் குறைச்சல் இல்லை. 59 வெற்றி, 3 தோல்வி. உலகத் தொடரில் யு.சி.எல்.ஏ. ஒரு ஆட்டத்தில் 7–3 என்று தோற்கடித்துத் திணறடித்தது. அதே நாள் நடந்த அடுத்த ஆட்டத்தில் ஒக்லஹோமா 15–0 என்று திருப்பிக் கொடுத்தது. ஆலோ அதில் மட்டும் இரண்டு ஹோம் ரன், ஏழு ஓட்டம் கொண்டுவந்தார். இறுதித் தொடரில் டெக்சாஸ் அணி. தரவரிசைப்படுத்தப்படாமல் இறுதித் தொடர் வரை வந்த முதல் அணி அது. முதல் ஆட்டத்தில் ஆலோ மறுபடியும் இரண்டு ஹோம் ரன், முடிவு 16–1. இரண்டாவது ஆட்டம் 10–5. தொடரின் தலைசிறந்த வீராங்கனை விருது ஆலோவுக்கு. ஆண்டின் சிறந்த கல்லூரி வீராங்கனை விருது இரண்டாவது முறையாக.

அவர்தான் எல்லோரிலும் சிறந்தவரா?

இதற்கு ஒரே பதில் இல்லை. சாஃப்ட்பாலில் டெசிக்னேட்டட் பிளேயர் என்று ஒரு விதி உண்டு. பீல்டிங் செய்யாமல் பேட்டிங் மட்டும் செய்ய ஒருவரை வைத்துக்கொள்ளலாம். ஆலோ பெரும்பாலும் அந்த இடத்தில் ஆடியவர். அடிப்பதில் அவருக்கு மேல் யாரும் இல்லை என்று சொல்லலாம், முழு ஆட்டக்காரர் என்று சொன்னால் வாதம் வரும்.

அந்த வாதத்தில் முதலில் வரும் பெயர் யு.சி.எல்.ஏ.வின் லிசா ஃபெர்னாண்டஸ். 1990 முதல் 1993 வரை பிட்சராக 93 வெற்றி, 7 தோல்வி. கடைசி ஆண்டில் பேட்டிங் சராசரியிலும் நாட்டிலேயே முதலிடம், பிட்சிங்கிலும் முதலிடம். பந்து வீசுபவரும் அடிப்பவரும் ஒருவரே. டென்னசியின் மோனிகா அபட் 2004 முதல் 2007 வரை 2,440 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஆனால் தேசியப் பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அவரவர் எதை மதிக்கிறார்களோ அதைப் பொறுத்து பதில் மாறும். என்னைக் கேட்டால், ஒரே ஒரு முறை ஆட ஒருவரை அனுப்ப வேண்டும் என்றால் ஆலோ. ஒரு சீசன் முழுவதையும் ஒருவரை நம்பி ஒப்படைக்க வேண்டும் என்றால் ஃபெர்னாண்டஸ்.

கல்லூரிக்கு அப்புறம்

சாஃப்ட்பாலின் சோகம் இங்கேதான். கூடைப்பந்தில் கல்லூரி முடித்த பெண்களுக்கு டபிள்யூ.என்.பி.ஏ. இருக்கிறது. சாஃப்ட்பாலில் பல காலம் நிலையான தொழில்முறை லீக் கிடையாது. தொடங்குவார்கள், சில ஆண்டில் மூடுவார்கள். உலகத் தொடரில் பன்னிரண்டாயிரம் பேர் பார்க்க ஆடியவர்கள் அடுத்த மாதம் சில நூறு பேர் முன்னால் ஆடுவார்கள். 2022இல் புதிதாகத் தொடங்கிய ஒரு தொழில்முறை லீக் முதலில் தேர்ந்தெடுத்த பெயர் ஆலோ. அடுத்த ஆண்டு ஒக்லஹோமா சிட்டி ஸ்பார்க் அணிக்கு வந்தார். வேடிக்கையும் ஆட்டமும் கலந்து நடத்தப்படும் பனானா பால் காட்சி ஆட்டங்களில் டெக்சாஸ் டெயில்கேட்டர்ஸ் அணியோடு, ஆண்களுக்கு நடுவிலும் ஆடியிருக்கிறார்.

பண விஷயத்தில் அவர் ஒரு வாசலில் நின்றவர். 2021 ஜூலை வரை கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது. விதி மாறியபோது ஆலோவுக்கு ஒரே ஒரு சீசன் மிச்சம் இருந்தது. மூன்றே ஆண்டில், 2024இல், நைஜாரி கேனடி என்ற பிட்சர் ஸ்டான்ஃபோர்டிலிருந்து டெக்சாஸ் டெக்குக்கு மாறும்போது ஒப்பந்தத் தொகை பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. 2025இல் தொடங்கிய அத்லீட்ஸ் அன்லிமிடெட் சாஃப்ட்பால் லீக்கில் ஆண்கள் பேஸ்பால் லீக்கான எம்.எல்.பி. முதலீடு செய்திருக்கிறது. காலம் மெதுவாக மாறுகிறது.

ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் 1996இல் நுழைந்து 2008க்குப் பிறகு நீக்கப்பட்டது. டோக்கியோவில் ஒரு முறை எட்டிப் பார்த்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மறுபடி வருகிறது. போட்டிகள் லாஸ் ஏஞ்சலஸில் நடக்கப்போவதில்லை. சுமார் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஒக்லஹோமா சிட்டியின் டெவன் பார்க்கில், கல்லூரி உலகத் தொடர் நடக்கும் அதே மைதானத்தில் நடக்கும். அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ அங்கே எட்டு அணிகள் கூடுகின்றன.